இம்பிளான்ட் வைத்த பிறகு உடற்பயிற்சி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவைக்காரி:

மார்பக இம்பிளான்ட் வைத்துக்கொண்டு மீண்டும் உடற்பயிற்சிக்குத் திரும்பியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். மருத்துவ ஆலோசனை எனக்கு வேண்டாம். அதற்கு என் அறுவை மருத்துவர் இருக்கிறார். அவரிடம் கேட்கத் தோன்றாமல் போகிற சங்கதிகள்தான் வேண்டும்.

முதலில் என் கதை. பருவம் வந்ததிலிருந்தே எனக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லை. ரவிக்கை தைக்கிற அக்கா ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தே காலம் ஓடியது. சென்ற ஆண்டு சரிசெய்துகொண்டேன். மார்புத் தசைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், "ஆறு வாரம் கனமான பொருள் தூக்கக் கூடாது, ஜிம் கூடாது" என்று இருந்தது. ஜிம்மை விடுவதில் என்ன கஷ்டம்? போகாமல் இருந்தால் தீர்ந்தது. நம் வீட்டு வேலையில் பாதி ஜிம்மைவிடக் கனம் என்பதுதான் அந்தத் தாளில் இல்லை. தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டும். எங்கள் கடையின் ஷட்டரைக் காலையில் ஏற்றி இரவில் இழுத்து மூட வேண்டும். ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் போடுவதைக் கால் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பின்கைப்பிடியைப் பிடித்து மேலே இழுக்கிற அந்த ஒரு நொடியில் மார்புத் தசை எப்படி விறைக்கிறது என்று மறுகையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

மருத்துவரிடம் விவரம் கேட்டேன். இம்பிளான்டுக்கு இடம் செய்ய, தசையின் அடிப்பகுதியை விலா எலும்பிலிருந்து சிறிது பிரித்துவிடுகிறார்கள். தள்ளுவது, இழுப்பது, கையை உடம்போடு சேர்த்து இறுக்குவது எல்லாம் அந்தத் தசையின் வேலை. ஆகவே அது ஆறும் வரை பொறுக்க வேண்டும். முதல் சில நாட்களுக்கு வேறொரு கவலையும் உண்டு: ரத்த அழுத்தம் எகிறினால் உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளலாம். அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது, காலில் ரத்தம் உறையும். மூச்சு வாங்காத மெல்லிய நடை மட்டும் முதல் நாளிலிருந்தே நடக்கச் சொன்னார். கூடத்துக்கும் பின்கட்டுக்குமாக நடந்தேன். ஷட்டரைத் தம்பி பார்த்துக்கொண்டான்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள், அதற்கப்புறம் எடையில்லாத பஸ்கி, கடைசியில்தான் கை. மார்புக்கான பயிற்சி மட்டும் மூன்று மாதம் கழித்து என்றார். ஆளுக்கு ஆள், அறுவைக்கு அறுவை இது மாறும். என் கணக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒன்று. மேல்கம்பியைப் பிடித்து நிற்காதீர்கள். ஓட்டுநர் பிரேக் போட்டால் உடம்பின் மொத்தப் பாரமும் தூக்கிய கையில்தான் தொங்கும். இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதைவிட, கூச்சப்படாமல் இடம் கேட்டு உட்காரலாம்.

விடியல் ஓட்டம்:

எனக்குத் தசைக்கு மேலே வைத்தார்கள். வலி குறைவு, கை சீக்கிரம் எழும்பியது. ஆனால் ஓடுகிறவளுக்கு அது மட்டும் போதாது. ஓட்டத்தில் குலுக்கம்தான் எதிரி. ஆறு வாரம் முடிந்து மருத்துவர் தலையசைத்த பிறகே ஓடினேன். அதுவும் எடுத்த எடுப்பில் ஓட்டம் இல்லை, நடையும் ஓட்டமும் மாற்றி மாற்றி. பழைய ஸ்போர்ட்ஸ் பிராக்கள் ஒன்றும் சேரவில்லை. புதிதாக வாங்கும்போது, கம்பி இல்லாததாக, முன்பக்கம் கொக்கி உள்ளதாகப் பாருங்கள். தலைவழியாக மாட்டுகிற வகையைக் கழற்றுவதே தனி மல்யுத்தம்.

சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது போல அவ்வப்போது குத்தும். நரம்பு விழித்துக்கொள்கிறது என்றார்கள். நேர்மாறாக, மார்பின் கீழ்ப்பகுதியில் தொட்டால் உணர்ச்சியே இல்லாமல் வெகுநாள் இருந்தது. இது ஏன் முக்கியம் என்றால், நம் வீடுகளில் வலி என்ற சொல் காதில் விழுந்த மறுகணம் வெந்நீர் ஒத்தடம் தயாராகிவிடும். மரத்துப் போன தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் பார்ப்போம். அம்மா எடுத்து வந்த வெந்நீர்ப் பையை முழங்காலுக்குத் திருப்பிவிட்டேன். அவருக்கும் திருப்தி, முழங்காலுக்கும் திருப்தி.

மூன்றாவது மருமகள்:

கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள் இதைப் படியுங்கள். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. என்ன சொல்லி ஓய்வெடுப்பது என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் "ஹெர்னியா ஆபரேஷன்" என்று சொன்னோம். ஹெர்னியா என்றால் கனம் தூக்கக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். மாமியார் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட என்னைத் தூக்கவிடவில்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பரணில் இருந்த முறுக்கு அச்சை எடுத்துத் தரச் சொன்னார். கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாத நேரம் அது. "வயிற்றில்தானே ஆபரேஷன், கைக்கு என்ன கேடு?" என்றார். நியாயமான கேள்வி. குளுக்கோஸ் ஏற்றியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆகவே பொய் சொல்வதாக இருந்தால் கைக்கும் சேர்த்தே சொல்லுங்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ ரகசியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

வடசென்னைவாசி:

என்னுடையது புற்றுநோய்க்காக எடுத்த பிறகு முதுகுத் தசையைக் கொண்டு மறுபடி அமைத்தது. உங்களுக்கெல்லாம் "கையைத் தூக்காதே" என்றார்கள். எனக்கு வடிகுழாயை எடுத்த பிறகு "தூக்கு, தூக்கு" என்று பிசியோதெரபி அம்மா பின்னாலேயே நின்றார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு போல ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார். வீடு வாடகை வீடு. ஓனர் அம்மா சுவரைப் பார்த்துக் குழந்தையின் உயரத்தை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள் எடையை மெல்ல மெல்லக் கூட்டுங்கள், கை வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே.

2018இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகத்தின் அளவையும் வடிவையும் சரிசெய்கிற அறுவையை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது, ஏழைகளுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் யாரும் என்னைப் போல ஒரு பக்கம் மட்டும் கனக்க, தோள் சாய்ந்து நடந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

பெயர் வேண்டாம்:

எனக்கு நேரெதிர், குறைத்துக்கொண்டேன். டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 17 வயதில், 2009இல், இதே அறுவையைச் செய்துகொண்டவர். 2018இல் பிரெஞ்சு ஓப்பன், 2019இல் விம்பிள்டன். நான் மாடிப்படி ஏறுகிறேன்.

தண்டால் தங்கை:

கோவைக்காரி அக்கா, தசைக்கு அடியில் வைத்தவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தண்டால் எடுக்கக் கீழே இறங்கும்போது இம்பிளான்ட் மேலேறி வெளிப்பக்கமாக விலகும். கண்ணாடி முன்னால் இடுப்பில் கை வைத்து அழுத்தினாலே தெரியும். சுருங்குகிற தசை அதைத் தள்ளுகிறது. தசையை விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்காது. ஆபத்தில்லை என்று என் மருத்துவர் சொன்னார். எடை தூக்குவதே வாழ்க்கை என்று இருப்பவர்கள் அறுவைக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எங்கே வைப்பது என்பதையே அது மாற்றக்கூடும்.

ஜிம் மாஸ்டரிடம் என்ன சொல்வது என்பது அடுத்த தலைவலி. என் பழைய மாஸ்டர், "வலித்தால்தான் வளரும்" என்ற ஒரே பாட்டைப் பாடுகிறவர். "மார்புத் தசையில் ஆபரேஷன், தள்ளுகிற பயிற்சி எதுவும் இப்போதைக்கு இல்லை" என்று மட்டும் சொன்னேன். மேற்கொண்டு கேட்டார். பதில் சொல்லவில்லை. ஜிம்மை மாற்றிவிட்டேன்.

கோவைக்காரி:

தங்கை, நல்ல வேளை சொன்னாய்! நான் தையல் விட்டுவிட்டதோ என்று இரண்டு நாள் தூங்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி. சூரிய நமஸ்காரத்தை எப்போது தொடங்கினாய்?

தண்டால் தங்கை:

அதைத்தான் கடைசியில் தொடங்கினேன் அக்கா. கைகளைத் தூக்குவது, குனிவது, காலைப் பின்னால் நீட்டுவது வரைக்கும் முதலில். உடம்பைக் கைகளில் தாங்கித் தரைக்கு இறக்குகிற நிலை இருக்கிறதே, அது தண்டாலுக்குத் தம்பி. அங்கே முழங்காலை ஊன்றிக்கொண்டேன். புஜங்காசனத்துக்கு முன்னால் மார்பைத் தரையில் அழுத்திக் குப்புறப் படுக்க வேண்டும். அதற்கு மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கே அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.