விரியன் கடி, 20 நிமிட ரத்தச் சோதனை: பார்த்ததை எழுதுங்கள்

லேப்_நைட்டூட்டி
வயலில் கடி, கண்ணாடி விரியன், கணுக்கால் வீக்கம். 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்தால் தண்ணீராய் ஓடுகிறது. விரியன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும்; உறையாவிட்டால் விஷம் ஏறியதாகக் கணக்கு. ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) கரைக்கப் போகும்போதுதான் தெரிந்தது, டியூப் பிளாஸ்டிக். உறைதலைத் தூண்டுவதே கண்ணாடிப் பரப்புதான்; பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் அந்நேரத்துக்குள் உறையாமல் போகும். புதுக் கண்ணாடி டியூபில் மறுபடி எடுத்தோம். கவிழ்த்தும் ரத்தக்கட்டி அடியைவிட்டு நகரவில்லை. அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வார்டு சிஸ்டர்
கண்ணாடி என்றால் மட்டும் போதாது. சோப்புப் பவுடரில் கழுவிய டியூபிலும் ரத்தம் உறையாது, எங்கள் வார்டில் பார்த்ததுதான். புது டியூப், சுத்தமாக, ஈரமில்லாமல். கூட வந்தவர் ரத்தத்தையும் பக்கத்தில் இன்னொரு டியூபில் வையுங்கள். அதுவும் உறையாவிட்டால் கோளாறு டியூபில். நடுவில் எடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். ஏ.எஸ்.வி. ஏற்றிய பிறகு அடுத்த டோஸ் வேண்டுமா என்று 6 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜனை ஈரல் மறுபடி உண்டாக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடியில் இந்தச் சோதனையை நம்பவே கூடாது, அவற்றின் விஷம் நரம்பைத் தாக்கும், ரத்தம் ஒழுங்காக உறையும். இமை சரிகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். லேப் தம்பி, கட்டி நின்றதும் விட்டுவிட்டீர்களா? வீக்கம் ஏறிக்கொண்டே போனால் மருந்து தேவைப்படும்.

விஷப்பானை
வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் சங்கத்தில் விரியனிடம் விஷம் எடுப்பதைப் பார்த்தவர்கள் 'ஏ.எஸ்.வி. 10 குப்பி எதற்கு' என்று கேட்கமாட்டார்கள். குவளை விளிம்பைக் கடித்ததும் மஞ்சளாய், கெட்டியாய் வழிகிறது. ஒரு கடியில் சராசரியாக 60 மில்லிகிராமுக்கு மேல் இறங்கும். 1 மில்லி ஏ.எஸ்.வி. முறிப்பது 0.6 மில்லிகிராம், 10 மில்லி குப்பிக்கு 6. கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தைக்கும் அதே அளவுதான். ஆள் சிறியவர் என்று பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை.

வேர்ப்பொடி
நன்னாரி வேரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அதிலிருந்து பிரித்த ஒரு பொருள் எலிகளில் விரியன் விஷத்தின் ரத்தக்கசிவைக் குறைத்தது உண்மை. ஆனால் மூலிகைச் சோதனைகள் பலவற்றில் விஷத்தையும் சாற்றையும் முன்கூட்டியே கலந்து வைத்துத்தான் ஊசி போடுகிறார்கள். சாற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருந்தால் குழாயிலேயே விஷப்புரதம் திரிந்து வெள்ளையாய் அடியில் படியும், மருந்து பலித்ததுபோலத் தெரியும். விஷத்தை முதலில் செலுத்தி, நேரம் விட்டுச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தால் பல சாறுகள் நிற்பதில்லை. கடிபட்டவருக்கு வேரை அரைத்துக் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள்.

லேப்_நைட்டூட்டி
சிஸ்டர், விடவில்லை. மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு அரை மணிக்கொரு முறை சோதித்தோம், எல்லாமே உறைந்தன. வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு நேரம் எழுதி வைத்திருந்தோம், கோட்டைத் தாண்டவில்லை.