எனக்கு முந்தி ஒருவன் இறங்கிவிடுகிறான்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி:

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். காத்திருப்பு முடிந்த பிறகு சாட்சி சொல்பவர்கள் அநேகர். எங்கள் காத்திருப்பு இன்னும் முடியவில்லை. முடிவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் கணவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சிறுநீரகங்கள் செயலிழந்ததால் நான்கு ஆண்டுகளாக வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் என் சிறுநீரகத்தை எடுக்க மருத்துவர்கள் சம்மதிக்கவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறக் காத்திருப்போரின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தண்ணீருக்கும் அளவு உண்டு. சித்திரை வெயிலில் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் நான் சமையலறைக்குள் போய்த்தான் தண்ணீர் குடிப்பேன்.

இரவு படுக்குமுன் அவருடைய இடது முன்கையில் விரல் வைத்துப் பார்ப்பது என் வேலை. டயாலிசிஸுக்காக இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் அது. தூங்கும் பூனையின் முதுகில் கை வைத்தாற்போல உள்ளே ஒரு மெல்லிய அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். அது நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "ஓடுகிறதா?" என்று கேட்பார். "ஓடுகிறது" என்பேன். பிறகுதான் ஜெபம்.

"ஆண்டவரே, சீக்கிரம் ஒரு சிறுநீரகம் கிடைக்கச் செய்யும்" என்றுதான் முதலில் ஜெபித்துவந்தேன். ஒருநாள் அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. நான் கேட்பது என்ன? எங்கோ ஒரு வீட்டுப் பிள்ளை மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பி வராமலிருக்க வேண்டும் என்றா? 2008இல் திருக்கழுக்குன்றத்து மாணவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட என் கணவர் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு அவர்களுக்காக ஜெபித்தார். அன்று அவர் கொடுத்தவர்கள் பக்கம் நின்றார். நானோ இத்தனை நாளும் வாங்குகிறவர்கள் பக்கம் மட்டுமே நின்றிருக்கிறேன்.

கடந்த தை மாதம் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. உறுப்பு கிடைத்திருக்கிறது, உடனே மதுரைக்கு வாருங்கள் என்றார்கள். வேறு ஒருவரையும் அழைத்திருக்கிறோம், இரத்தப் பொருத்தம் பார்த்துத்தான் முடிவு என்பதையும் சொன்னார்கள். அது என் காதில் விழுந்தது, மனத்தில் இறங்கவில்லை. வழியெல்லாம் சங்கீதம் சொல்லிக்கொண்டே போனேன்.

விடிந்தபின் முடிவு வந்தது. மற்றவருக்குத்தான் பொருந்தியது. அவர் கல்லூரி வயதுப் பையன். அவனுடைய தாய் ஓடிவந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "மன்னித்துவிடுங்கள் அம்மா" என்று அழுதார். எதற்கு மன்னிப்பு? ஆனாலும் அந்தக் கணத்தில் என் மனம் கசந்தது உண்மை, அதை மறைக்க விரும்பவில்லை. கீழே இறங்கி வரும்போது படிக்கட்டோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தலையில் முந்தைய நாள் மல்லிகை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஆண்கள் அணியும் ஒரு ஜோடி செருப்பு. அவர் யார், யாருக்காக அங்கே இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கால் நகரவில்லை. அவர் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன்.

திரும்பும் வழியில் கோவில்பட்டி தாண்டும்வரை என் கணவர் பேசவில்லை. பிறகு, "பெதஸ்தா குளத்தங்கரையில் 38 வருடம் கிடந்தவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவன் குணமாவான் என்று நம்பிக் காத்திருந்தவன், நான் போகிறதற்குள் வேறொருவன் எனக்கு முந்தி இறங்கிவிடுகிறான் என்று இயேசுவிடம் முறையிட்டானே, அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் அழுதேன். "அழாதே. ஆண்டவர் அவனைத் தேடி வந்தது, அவன் முந்தி இறங்கியதால் இல்லையே" என்றார்.

இப்போது எங்கள் ஜெபம் வேறு. எந்த வீட்டில் எந்த இரவில் அந்தத் துக்கம் வந்தாலும், அந்த வீட்டாரை முதலில் தாங்கும் என்று கேட்கிறோம். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு நம் மாநிலத்தில் அரசு மரியாதையோடு நடக்கிறது. அப்படி ஒரு செய்தி வந்தால் அந்த ஊரின் பெயரைக் குறித்துவைத்து ஜெபிக்கிறோம். எங்கள் தேவையைக் கடைசியில்தான் சொல்கிறோம்.

ஒரேயொரு வேண்டுகோள். "விசுவாசம் இருந்தால் இந்நேரம் கிடைத்திருக்கும்" என்று மட்டும் எந்த நோயாளியிடமும் சொல்லாதீர்கள். எங்களிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

தூத்தூர்க் கடற்கரையிலிருந்து ஒரு தம்பி:

அக்கா, இயேசுவுக்குப் புகழ். உங்கள் பதிவை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் ஆழ்கடல் தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது என் அண்ணன் போன படகு திரும்பவில்லை. மூன்று நாள் கழித்துத் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. ஆண்டவரின் வருகைக்குக் காத்திருக்கும் காலம் என்று கோவிலில் முதல் மெழுகுதிரியை ஏற்றினார்கள். அம்மா பீடத்தைப் பார்க்கவில்லை, கடல் பக்கத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடல் கிடைக்கவில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, திரி ஏற்றும்போது எங்களுக்கு ஏற்ற இடமில்லை. முதல் இரண்டு ஆண்டும் அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் ஆண்டு அவராகவே ஒரு திரியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். காற்றில் அது நிற்கவில்லை. மணலில் கைப்பிடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் ஏற்றி, கையை மறைப்பாக வைத்துக்கொண்டு 53 மணி செபமாலையையும் சொல்லி முடித்தார். ஒவ்வோர் ஆண்டும் இப்போது அப்படித்தான். உயிர்த்தெழும் நாளில் கடலும் தன்னிலுள்ள மரித்தோரைத் திரும்பக் கொடுக்கும் என்று திருவெளிப்பாட்டில் இருக்கிறதே, அம்மா பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். அண்ணன் உயிரோடு வருவான் என்று அவர் இப்போது சொல்வதில்லை. "அவனைப் பார்ப்பேன்" என்று சொல்கிறார்.

இன்று அம்மா உங்கள் வீட்டுக்காரருக்காக ஒரு செபமாலை சொன்னார். அந்தச் செருப்புப் பை வைத்திருந்த பெண்ணுக்காக இன்னொன்று.

பாளையங்கோட்டைச் சகோதரி மீண்டும்:

தம்பி, உன் அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது, அவருக்காக ஜெபிக்க இன்னொரு தாய் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! உன் அண்ணனின் திருமுழுக்குப் பெயரை மட்டும் தனியாக எழுதி அனுப்பு, எங்கள் குடும்ப ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.

நாளை காலை ஆறு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ். இப்போதுதான் கையைத் தொட்டுப் பார்த்தேன். ஓடுகிறது.