பழைய எனாமல் போர்டு: பெயர்ந்த இடத்தில் பூசிய நீலம் ராத்திரியில் பச்சையடிக்கிறது

தேவகோட்டைக்காரன்:
தாத்தாவின் மளிகைக் கடையில் மாட்டியிருந்த டீ விளம்பரப் போர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. கனத்த இரும்புத் தகட்டில் பீங்கான் எனாமல். நீலத் தரை, வெள்ளைத் தமிழ் எழுத்து, ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. ஆணித் துளைகளைச் சுற்றியும் ‘டீ’யின் சுழிக்கு மேலேயும் சில்லு பெயர்ந்து துரு ஏறியிருக்கிறது. பெயின்ட் கடையில் கம்ப்யூட்டர் வைத்துக் கலந்து கொடுத்த சிந்தெடிக் எனாமலைப் பூசிப் பார்த்தேன். வாசல் வெளிச்சத்தில் அச்சு அசலாகப் பொருந்துகிறது. ராத்திரி கூடத்தில் குண்டு பல்பைப் போட்டால் பூசிய இடம் மட்டும் பச்சையடிக்கிறது. வேறு கம்பெனி பெயின்ட் வாங்க வேண்டுமா? இல்லை, திரும்பச் சூளையில் வைத்துச் சுட்டுத் தருபவர்கள் இருக்கிறார்களா?

பழையசாமான்:
சூளை எண்ணமே வேண்டாம். எனாமல் என்பது கண்ணாடித் தூள். 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகி இரும்பைப் பிடித்துக்கொண்டது அது. துருவோடு திரும்ப உலைக்குள் வைத்தால் நன்றாக இருக்கும் இடமும் கொப்புளித்துவிடும். என்னைக் கேட்டால் துருவை மட்டும் நிறுத்திவிட்டு அப்படியே மாட்டுங்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் நான் போர்டு வாங்கும்போது, பூச்சு வேலை செய்தது என்று தெரிந்தாலே விலையைக் குறைத்துத்தான் கேட்பேன்.

டின்டர்_கோவை:
விற்கப் போவதாக அவர் சொல்லவே இல்லையே. தாத்தா போர்டு, ஆசைக்குப் பூசுகிறார், பூசட்டும்.

கார் பெயின்ட் பட்டறையில் கலர் கலப்பதுதான் என் பிழைப்பு. கம்பெனியை மாற்றிப் பயனில்லை, சிக்கல் நிறமியில் இருக்கிறது. உங்கள் போர்டின் நீலம் கோபால்ட் ஆக்ஸைடாகத்தான் இருக்கும். கோபால்ட், நீலத்தோடு கொஞ்சம் ஆழ்ந்த சிவப்பையும் திருப்பி அனுப்பும். குண்டு பல்பில் சிவப்பு அதிகம் என்பதால் போர்டு லேசாக ஊதாப் பக்கம் சாயும். கடையில் கலந்து தரும் நீலம் பெரும்பாலும் தாலோ என்கிற செயற்கை நிறமி. அது சிவப்பை முழுங்கிவிட்டுப் பச்சைப் பக்கம் நிற்கும். வெயிலில் சேர்ந்திருந்த இரண்டும் பல்படியில் பிரிவது இதனால்தான்.

ஓவியர்கள் வாங்கும் அக்ரிலிக் டியூபில் அல்ட்ராமரீன் என்கிற நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தாலோவைக் குச்சி நுனியால் தொட்டால் போதும். அடர்த்தி வேண்டுமென்றால் கறுப்பு வேண்டாம், கலர் செத்துப்போகும். பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பு ஒரு துளி. அக்ரிலிக் காய்ந்தால் கறுத்துவிடும். அதனால் தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு பொட்டு வைத்து, காயவிட்டு, மேலே பளபளப்பு வார்னிஷும் தடவி, அப்புறம் சில்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வார்னிஷ் இல்லாத பொட்டு வெளிறித் தெரிந்து ஏமாற்றும்.

வெள்ளையை டியூபிலிருந்து அப்படியே வைத்தால் பிளாஸ்திரி ஒட்டியது போல இருக்கும். துளி மஞ்சள் காவி, அதைவிடக் குறைவாகக் கறுப்பு. சிவப்பில்தான் நமக்கு யோகம். பளிச்சென்ற எனாமல் சிவப்பு பெரும்பாலும் காட்மியம் சல்ஃபோசெலினைடு, டியூபில் வரும் காட்மியம் ரெட்டும் அதே சங்கதி.

ஆனால் இத்தனையும் போர்டைக் கழுவிய பிறகு. அழுக்கோடு கலர் பார்த்தால் அழுக்குக்குத்தான் கலர் கலப்பீர்கள். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். புளி, எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எதுவும் கிட்டே வரக்கூடாது. பித்தளைக்குப் புளி சரி, இங்கே புளிப்பு கண்ணாடியின் பளபளப்பைத் தின்றுவிடும்.

சில்லை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேலே நீலம், அதற்குக் கீழே கிட்டத்தட்டக் கறுப்பாக ஒரு அடிப்பூச்சு, அப்புறம்தான் இரும்பு. அந்தக் குழியைச் சமமாக நிரப்பாமல் நீலம் வைத்தால் விளிம்பின் நிழல் விழுந்து, சரியான கலரும் தப்பாகத் தெரியும். துருவை ஈர வாட்டர் பேப்பரால் எடுங்கள். பழைய எனாமலில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம், உலர்ந்த தூசியைக் கிளப்பக் கூடாது. பிறகு பாராலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்து ஒரு கை பூசிவிட்டு, அதன்மேல் குழியை நிரப்பப் பட்டியும், பிறகு கலரும். நாளைக்குப் பிடிக்கவில்லையென்றால் அசிட்டோன் துணியால் துடைத்து எடுத்துவிடலாம், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. பழையசாமான் அண்ணன் மாதிரி ஆட்களுக்கும் நிம்மதி. முக்கியமாக, பிரஷ் குழியைத் தாண்டி நல்ல எனாமல்மேல் ஏறக் கூடாது.

பழையசாமான்:
துடைத்தெடுக்கலாம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. விற்கிற நாள் வந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

தேவகோட்டைக்காரன்:
ரொம்ப நன்றி. கூடத்தில் குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்இடி போடலாம் என்றிருக்கிறேன். அதற்குத் தனியாகக் கலக்க வேண்டுமா?

டின்டர்_கோவை:
சாதாரண எல்இடியில் அந்த ஆழ்ந்த சிவப்பு ரொம்பக் குறைவு, வித்தியாசமும் குறையும். முதலில் எல்இடியை மாட்டுங்கள், அதன் அடியிலேயே பொட்டு வைத்துப் பாருங்கள். இன்னொன்று, திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூ தலைக்கு அடியில் ஃபைபர் வாஷர் கொடுத்து, பாதி முறுக்கிலேயே நிறுத்துங்கள். துளையைச் சுற்றிச் சில்லு போனது பெரும்பாலும் ஆணியை இறுக்கி அடித்ததால்தான்.