வேன் ஃபிரிட்ஜ் ராத்திரி மட்டும் கட் ஆகுது, அவசரம்

திருமங்கலம்_செல்வா
வணக்கம். வேன்ல வச்ச 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வண்டி ஓடும்போது நல்லா ஓடுது. ராத்திரி நிப்பாட்டுனா கொஞ்ச நேரத்துல கட் ஆகிருது. அப்புறம் தானா வருது, மறுபடி கட். பேட்டரி ஃபுல்லாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை போடி வழியா மூணாறு கிளம்புறோம். அம்மாவோட இன்சுலின் அதுலதான் வைக்கணும். எதை மாத்தணும்னு சீக்கிரம் சொல்லுங்க.

மாட்டுத்தாவணி_மணி
இவ்வளவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. என்ன வண்டி, எந்த வருசம்? ரெண்டாவது பேட்டரி தனியா இருக்கா, இல்ல வண்டி பேட்டரியிலேயே ஓடுதா? லெட் ஆசிடா லித்தியமா? ஃபிரிட்ஜ் எத்தனை லிட்டர்? கட் ஆகும்போது டிஸ்ப்ளேல என்ன வருது?

உசிலை_பாண்டி
பேட்டரிதான். கொள்ளளவு 100 ஏஹெச்னு (ஆம்பியர் அவர்) ஸ்டிக்கர் ஒட்டி உள்ள பழைய செல்லைப் போட்டு விக்கிறாங்க. லோடு டெஸ்ட் பண்ணாம வேற எதையும் தொடாதீங்க.

வண்டி_வாத்தியார்
இந்தக் கேள்விக்கு நூறு தடவை பதில் எழுதியாச்சு. கொஞ்சம் தேடிப் படிச்சுட்டு வந்து கேட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகை விதி) வண்டிகள்ல பலதுக்கு ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுத்தும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது. வண்டி பேட்டரி நிரம்பினதும் வோல்டேஜை இறக்கிரும். வெறும் ரிலே போட்டு ரெண்டாவது பேட்டரியைக் கோத்தா பாதிகூட ஏறாது. அந்த வோல்டேஜைத் தூக்கி ரெண்டாவது பேட்டரிக்குக் கொடுக்குற டிசி-டிசி சார்ஜர் வாங்கி மாட்டுங்க, முடிஞ்சது.

திருமங்கலம்_செல்வா
டிராவலர் வண்டி, 2021. லித்தியம் 100 ஏஹெச். டிசி-டிசி சார்ஜர் 20 ஆம்பியர் ஏற்கெனவே இருக்கு. ஃபிரிட்ஜ் 50 லிட்டர். கட் ஆகுறப்ப ஆப்ல பேட்டரி 78 சதம், 13.1 வோல்ட் காட்டுது. அதனாலதான் ஃபுல்னு சொன்னேன்.

வெயில்_ராசா
ஃபிரிட்ஜை மரப்பெட்டிக்குள்ள அடைச்சு வச்சிருக்கீங்களா? கம்ப்ரசர் பக்கம் ஜாலி இருக்கும், அங்க நாலு விரக்கடை இடமாவது வேணும். சூடான காத்து வெளிய போக மேல ஒரு ஓட்டை, புதுக் காத்து வரக் கீழ ஒரு ஓட்டை. சித்திரை வெயில்ல அடைச்ச பெட்டிக்குள்ள கம்ப்ரசர் நிக்காமலே ஓடும், அப்புறம் சூட்டுல பாதுகாப்புக்கு நின்னுரும்.

மாட்டுத்தாவணி_மணி
ராசா, அப்படின்னா பகல்லதான் கட் ஆகணும். இவருக்கு ராத்திரில்ல ஆகுது. காத்து வழி அவசியம்தான், ஆனா காரணம் அது இல்ல. செல்வா, டிஸ்ப்ளேல வந்த எழுத்தை இன்னும் சொல்லல.

திருமங்கலம்_செல்வா
இ1 (E1)னு வருது.

போடி_வயர்மேன்
அங்க இருக்கு விசயம். பல ஃபிரிட்ஜுல இ1னா வோல்டேஜ் பத்தலைன்னு அர்த்தம், உங்க மேனுவல்லயும் பாத்துக்கங்க. பேட்டரி முனையில 13.1 இருக்கலாம். ஃபிரிட்ஜ் வாசல்ல எவ்வளவு இருக்குன்னு யாரும் பாக்கல.

ரெண்டு கேள்வி. பேட்டரியில இருந்து ஃபிரிட்ஜுக்கு என்ன வயர், எத்தனை மீட்டர்? ஃபிரிட்ஜோட பேட்டரி பாதுகாப்பு செட்டிங், அதாவது எந்த வோல்டேஜ்ல தானா நிக்கணும்ங்கறது, ஹெச்சா (H), எம்மா (M), எல்லா (L)?

திருமங்கலம்_செல்வா
வீட்டுக்கு வயரிங் செஞ்ச எலக்ட்ரீஷியன்தான் இழுத்தார். 45 வாட்தானே, ஒன் ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர்) வயர் போதும்னார். பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில, ஃபிரிட்ஜ் பின்கதவு பக்கம், ஆறு மீட்டர் இருக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட். மைனஸுக்குத் தனி வயர் இல்ல, வண்டி பாடித் தகடுல கொடுத்திருக்கு. பியூஸ் 30. செட்டிங் ஹெச்.

போடி_வயர்மேன்
தம்பி, 45 வாட் வீட்டுல 230 வோல்ட்ல 0.2 ஆம்பியர். அதே 45 வாட் 12 வோல்ட்ல கிட்டத்தட்ட 4 ஆம்பியர். கம்ப்ரசர் கிளம்புற கணத்துல ஆறேழு ஆம்பியர் கேக்கும். வீட்டு லைட் பாயின்ட்டுக்கு இழுக்குற வயர் இதுக்கு ஆகாது.

கணக்கு இதுதான். ஒன் ஸ்கொயர் தாமிர வயர் மீட்டருக்கு 0.0175 ஓம். மைனஸ் பாடி வழியா வர்றதால வயர் ஆறு மீட்டர்தான், 0.105 ஓம். 6.5 ஆம்பியர் இழுத்தா வயர்லயே 0.7 வோல்ட் போயிரும். அதுக்கு மேல லைட்டர் சாக்கெட்டோட லூஸ் தொடுப்பு, பெயின்ட் மேல முடுக்குன பாடி எர்த். எல்லாம் சேர்ந்து ரெண்டு, ரெண்டரை வோல்ட் காணாமப் போகும். ஹெச் செட்டிங்ல பல மாடல் 11.1 வாக்குல நின்னுரும். நின்னதும் லோடு இல்ல, வோல்டேஜ் 13க்கு ஏறுது, தானா ஆன் ஆகுது, கிளம்பும்போது மறுபடி இறங்குது. ஓடும்போது சார்ஜர் பேட்டரியை 13.6, 14ன்னு தூக்கிப் பிடிக்கிறதால தப்பிச்சுக்குது.

நம்பலைன்னா அளந்து பாருங்க. ஃபிரிட்ஜை ரொம்பக் குறைச்சு செட் பண்ணி கம்ப்ரசரை ஓட விடுங்க. மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொண்ணை சாக்கெட்டுக்குப் பின்னால பிளஸ் வயர் சேர்ற இடத்துலயும் வைங்க. வர்றதுதான் பிளஸ் பக்க நட்டம். மைனஸ் பக்கமும் அதே மாதிரி. ரெண்டும் சேர்ந்து 0.4ஐத் தாண்டக் கூடாது. கம்ப்ரசர் நிக்கும்போது அளந்தா எல்லாம் சரியாத்தான் தெரியும், அதுல ஏமாந்துறாதீங்க.

உசிலை_பாண்டி
78 சதம்ங்கறது பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட்) சொல்ற கணக்கு. அது தப்பாவும் இருக்கும். நான் இன்னும் பேட்டரின்னுதான் சொல்றேன்.

நத்தம்_டிரைவர்
லித்தியமே வேணாம்னேன். 150 ஏஹெச் டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணு வச்சா எந்த ஊர்லயும் சர்வீஸ் கிடைக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊத்துனா போதும். பிஎம்எஸ் போச்சுன்னா போடியில யாருகிட்ட காட்டுவீங்க?

வண்டி_வாத்தியார்
டியூபுலர் வீட்டு இன்வெர்ட்டருக்குன்னு செஞ்சது, அசையாம ஒரு மூலையில கிடக்க வேண்டியது. எடை அம்பது கிலோவுக்கு மேல. போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. திரவ ஆசிட் உள்ள அதை ஆளு படுத்துத் தூங்குற வண்டிக்குள்ள வைக்கிறதா? சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அடிப்படை தெரியாம ஆலோசனை சொல்லக் கூடாது.

நத்தம்_டிரைவர்
வென்ட் பைப் போட்டு வெளிய விடலாம், பெல்ட் போட்டுக் கட்டலாம். லாரில எல்லாம் லெட் ஆசிட்தானே ஓடுது?

மாட்டுத்தாவணி_மணி
லாரில இருக்கறது ஆட்டிப் போட்டாலும் தாங்குற மாதிரி தகடு கட்டுன வண்டி பேட்டரி, டியூபுலர் அப்படி இல்லண்ணே. வென்ட் பைப் நீங்க சொல்றது சரிதான். ஆனா லெட் ஆசிட்ல பாதிக்கு மேல இறக்கக் கூடாது, 150 வாங்குனாலும் கையில 75தான். கடைசிக் கால்வாசி ரொம்ப மெதுவா ஏறும், நாலு மணி நேரம் மூணாறு வரைக்கும் ஓட்டுனாலும் நிரம்பாது. லித்தியம் 20 ஆம்பியர்ல அஞ்சு மணி நேரத்துல காலியில இருந்து நிரம்பிரும். ஒண்ணு மட்டும், லித்தியத்தை நேரா ஆல்டர்னேட்டர்ல கோக்கக் கூடாது. கிடைக்கிற கரன்ட்டை எல்லாம் உறிஞ்சும். ஐடிலிங்ல ஃபேன் மெதுவா சுத்தும்போது ஆல்டர்னேட்டர் வெந்து போகும். செல்வாகிட்ட சார்ஜர் இருக்கறதால அந்தக் கவலை இல்ல.

பாண்டி, ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடுனாலும் ஒரு நாளைக்கு 540 வாட் அவர். பேட்டரி 1280. ஒரே ராத்திரியில காலியாக வழியே இல்ல.

செவிலி_கனி
வயர் விசயம் எனக்குத் தெரியாது, இன்சுலினுக்காக எழுதுறேன். திறக்காதது 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள. ஃபிரிட்ஜை 5ல வைங்க. உறைஞ்சா மருந்து கெட்டுப் போச்சு, உருகினாலும் போடக் கூடாது. கம்ப்ரசர் ஃபிரிட்ஜுல சுவரை ஒட்டி வச்சா உறைஞ்சுரும், அதனால துணியில சுத்தி ஒரு டப்பாவுல போட்டு நடுவுல வைங்க, பக்கத்துல தனி தெர்மாமீட்டர் ஒண்ணு. இப்ப போட்டுட்டு இருக்கற பேனாவுக்கு ஃபிரிட்ஜ் தேவையில்ல. பெரும்பாலானது 30 டிகிரிக்குக் கீழ நாலு வாரம் தாங்கும், உள்ள இருக்கற தாள்ல பாத்துக்கங்க. வெயில்ல நிறுத்துன வண்டிக்குள்ள மட்டும் விட்டுட்டுப் போகாதீங்க.

திருமங்கலம்_செல்வா
அளந்தாச்சு. பிளஸ் பக்கம் 0.6, மைனஸ் பக்கம் 0.9. பாடி ஸ்க்ரூவைக் கழட்டிப் பாத்தா அடியில பெயின்ட், அதுக்கு மேல துரு.

போடி_வயர்மேன்
ஓடும்போதே ஒன்றரை வோல்ட். கிளம்பும்போது ரெண்டரை கிட்ட வரும். 13.1ல கழிச்சுப் பாருங்க, 10.7 சொச்சம்.

பாடி எர்த்தைச் சுரண்டிச் சரி பண்றதோட நிக்காதீங்க. பிளஸ், மைனஸ் ரெண்டையும் பேட்டரியில இருந்தே தனித்தனியா இழுங்க, 6 ஸ்கொயர் மல்டிஸ்ட்ராண்ட், சுருள் பைப்புக்குள்ள. தகடு ஓட்டை வழியாப் போற இடத்துல ரப்பர் வாஷர் கட்டாயம், இல்லன்னா ஆட்டத்துல வயரை அறுத்துரும். முனைக்கு லக் (தாமிர வளையம்) போட்டு கிரிம்ப் பண்ணுங்க, அதாவது இடுக்கியில நசுக்கி இறுக்குங்க. சால்டர் பண்ணா வயர் அந்த விளிம்புல விறைச்சு, அதிர்வுல முறிஞ்சுரும். லைட்டர் சாக்கெட்டைத் தூக்கிட்டு கிரிம்ப் பண்ற மாதிரி இறுக்கமான கனெக்டர் போடுங்க. ஃபிரிட்ஜ் செட்டிங்கை எல் (L)க்கு மாத்துங்க. ஹெச் வண்டி ஸ்டார்ட் பண்ற பேட்டரியைக் காப்பாத்தறதுக்கு. உங்களுக்கு பிஎம்எஸ் அந்த வேலையைப் பாத்துக்கும்.

பியூஸ் 30 ரொம்பத் தப்பு. ஒன் ஸ்கொயர்ல ஷார்ட் ஆனா பியூஸ் போறதுக்கு முன்னாடி வயர் எரியும். 15 போடுங்க, பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள.

வண்டி_வாத்தியார்
பாடி எர்த்தே தப்புன்னு சொல்லிர முடியாது. கம்பெனி வண்டி முழுக்க அப்படித்தான் ஓடுது.

போடி_வயர்மேன்
கம்பெனி வெல்டு பண்ண ஸ்டட்ல, பெயின்ட் படாத இடத்துல கொடுக்குது. இங்க கொடுத்தது மரப்பலகை பிடிக்கிற ஸ்க்ரூ.

வண்டி_வாத்தியார்
ஸ்டட்ல கொடுத்தா சரியா வரும்னுதான் நானும் சொல்றேன்.

திருமங்கலம்_செல்வா
6 ஸ்கொயர் ரெண்டு வயரும் இழுத்தாச்சு. சாக்கெட் எடுத்தாச்சு. ஓடும்போது ஃபிரிட்ஜ் முனையில 12.8. ராத்திரி முழுக்க கட் ஆகல. நாளைக்குக் காலையில கிளம்புறோம், எல்லாருக்கும் நன்றி.

போடி_வயர்மேன்
சந்தோசம். பியூஸ் மாத்துனீங்களா? அதைச் சொல்லலையே.

மாட்டுத்தாவணி_மணி
செல்வா, கிளம்புறதுக்கு முன்னாடி அந்த 30ஐப் பாத்துட்டுப் போங்க.