ட்ரைகிளிசரைடு 10.4 வரை ஏறி இறங்கிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பாயான் பாரு, பினாங்கு

வணக்கம். 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்தது. நம் ஆட்கள் பலர் முட்டையை நிறுத்தியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் மூன்று மாதத்தை வீணாக்கினேன், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ஒரு நவம்பர் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 7.1, நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் 0.8, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 8.9 (எல்லாம் mmol/L கணக்கில்). இது 1.7-க்குள் இருக்க வேண்டியது. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை, கணக்கிட முடியவில்லை என்று மட்டும் போட்டிருந்தார்கள். ட்ரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டினால் வழக்கமான எல்டிஎல் கணக்கு சரியாக வராது என்பது எனக்கு அப்போது தெரியாது. கெட்ட கொழுப்பு இல்லை போலிருக்கிறது என்று நிம்மதியாகக்கூட இருந்தேன்.

மருத்துவர் அன்றைக்கே மருந்து ஆரம்பிக்கலாம் என்றார். நான்தான் மூன்று மாதம் அவகாசம் கேட்டேன். முட்டை, ஆட்டிறைச்சி, இறால், நண்டு எல்லாவற்றையும் நிறுத்தினேன். அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்திருந்ததால் 48 நாள் சைவ விரதமும் சேர்ந்துகொண்டது. மீன்கூடத் தொடவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும், ரத்தம் சுத்தமாகியிருக்கும் என்ற நம்பிக்கையோடு தைப்பூசம் முடிந்து மூன்றாவது வாரம் மறுபடியும் ரத்தம் கொடுக்கப் போனேன்.

ரத்தம் எடுத்த தம்பி கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, சுழற்றி எடுத்த குழாயைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு அடியில் படிந்திருந்தது. அதற்கு மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர், இரண்டாம் தேங்காய்ப்பால் ஊற்றியது போல வெள்ளையாக நின்றது. குழாயின் பின்னால் அவர் விரல் தெரியவில்லை. "அண்ணே, சாப்பிட்டுவிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் போகவில்லை. ட்ரைகிளிசரைடு 10.4.

மருத்துவர் இந்த முறை அவகாசம் தரவில்லை. இந்த அளவுக்குப் போனால் இருதயத்தைப் பற்றிய கவலையோடு கணையம் வீங்கிப்போகும் ஆபத்தும் வந்துவிடும், அது வந்தால் வயிற்று வலியோடு நேராக வார்டுதான் என்றார். ட்ரைகிளிசரைடை இறக்கும் ஃபெனோஃபைப்ரேட் 145 மில்லிகிராம், தினம் ஒன்று எழுதினார். அப்புறம் உணவியல் அதிகாரியிடம் அனுப்பினார். அந்த மலாய்க்கார அம்மா நான் என்ன சாப்பிடுகிறேன் என்று முதலில் கேட்கவே இல்லை, என்ன குடிக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்.

அப்போதுதான் உட்கார்ந்து எண்ணினேன். வேலைக்கு முன் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), பத்து மணி ஓய்வில் ஒன்று, மத்தியானம் சிராப் பாண்டுங் (ரோஜா சர்பத் கலந்த பால்), வேலை முடிந்து மாமாக் கடையில் இன்னொரு தே தாரிக். எல்லாமே கெட்டிப் பாலும் சீனியும். விரதத்தில் கறி மீன் இல்லை என்பதால் சோற்றைக் குவித்துப் போட்டுக்கொண்டேன், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பிரட்டல், எண்ணெயில் பொரித்த சைவக் கோழி (கோழி போலச் செய்த சைவ உணவு), வடை, பாயசம். இரத ஊர்வலத்தன்று தண்ணீர்ப் பந்தல்களில் கொடுத்த சர்பத் எத்தனை என்று கணக்கே இல்லை. விரதம் முடிந்ததும் வார இறுதிப் பீரும் திரும்பி வந்துவிட்டது.

என் ரத்தத்தில் இருந்த அந்த வெள்ளை முட்டையிலிருந்து வந்ததில்லை. தேவைக்கு மேல் போகிற சீனியையும் சோற்றையும் பீரையும் கல்லீரல்தான் ட்ரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. நாம் எல்லாவற்றுக்கும் 'கொழுப்பு' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், தட்டில் தெரிகிற கொழுப்பை ஒதுக்கினால் ரத்தத்தில் இருப்பதும் போய்விடும் என்று அந்தச் சொல்லே நம்மை நம்ப வைக்கிறது. எல்டிஎல்லை ஏற்றுவதில் நெய், தேங்காய்ப்பால், கறிக் கொழுப்பு, வனஸ்பதி இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ட்ரைகிளிசரைடின் கதை வேறு. இரண்டும் ஒரே தாளில் வருகிறது என்பதால் மருந்தும் பத்தியமும் ஒன்றாகிவிடாது.

அன்றிலிருந்து தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர். முதல் இரண்டு வாரம் கஷாயம் குடிப்பது போல இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. சோறு ஓர் அகப்பை, மீதி இடத்தில் காய். பசியாறலுக்கு ரொட்டி சானாய் பரோட்டாவுக்குப் பதில் வீட்டில் இரண்டு தோசை, சாம்பார். பீரை அடியோடு விட்டேன். குயின்ஸ்பே கடலோரத்தில் வாரத்தில் ஐந்து நாள் நாற்பது நிமிட நடை. மூன்று மாதத்தில் ட்ரைகிளிசரைடு 3.1-க்கு இறங்கியது. ஆனால் முதல் முறையாக எல்டிஎல் கணக்கு வந்தது, 3.9. பயந்துபோய்க் கேட்டேன். ட்ரைகிளிசரைடு இறங்கும்போது சிலருக்கு எல்டிஎல் இப்படி மேலே தெரிவது உண்டு என்று சொல்லி, எல்டிஎல்லை இறக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் சேர்த்தார்கள். இரண்டு மருந்தும் ஒன்றாகப் போவதால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் இடையிடையே பார்க்கிறார்கள், காரணமில்லாமல் தசை வலித்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஃபெனோஃபைப்ரேட்டின் குடும்பத்தில் ஜெம்ஃபைப்ரோசில் என்று ஒன்று உண்டு, அதை ஸ்டாட்டினோடு சேர்க்கக் கூடாது, தசை சிதையும் ஆபத்து கூடும். இரண்டு இடங்களில் மருந்து வாங்குகிறவர்கள் எல்லா அட்டைகளையும் ஒரே மருந்தாளரிடம் காட்டிவிடுங்கள்.

போன மாதம் எடுத்தது: ட்ரைகிளிசரைடு 1.9, எல்டிஎல் 2.2. எடை 89-லிருந்து 81.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், குறிப்பாக மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள்.

செந்தூல், கோலாலம்பூர்

அண்ணா, மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று கேட்டீர்கள், நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு 52 வயது. அடோர்வாஸ்டாட்டின் 40 போட்டு எல்டிஎல் 2.9 வரை வந்திருந்தது. ஆனால் தொடை இரண்டும் அம்மியைக் கட்டி வைத்தது போல வலிக்கும், எங்கள் பிளாட்டில் லிஃப்ட் பழுதானால் மூன்றாவது மாடி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுவேன். அதே சமயம் ஸ்டாட்டின் சாப்பிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. அதைக் கேட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன்.

இரண்டு மாதத்தில் எல்டிஎல் 5.3. வலி குறைந்ததே தவிரப் போகவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. மருந்தால் வந்த வலி என்றால் நிறுத்திய பிறகும் ஏன் இருக்கிறது? அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட் கட்டி உட்கார்ந்து, நிறுத்தியதை மறைக்காமல் சொன்னேன். அந்தச் சின்ன வயது டாக்டர் திட்டவில்லை. முடி கொட்டுகிறதா, மலச்சிக்கல் உண்டா, குளிர் தாங்கவில்லையா என்று வரிசையாகக் கேட்டார், எல்லாவற்றுக்கும் ஆமாம். தைராய்டு பார்த்தார், மிகக் குறைவாகச் சுரந்துகொண்டிருந்தது. தைராய்டு குறைந்தால் அதுவே கொலஸ்ட்ராலை ஏற்றும், ஸ்டாட்டினால் தசை வலி வரும் வாய்ப்பையும் கூட்டும் என்று சொன்னார். தைராய்டு மாத்திரையைச் சரியான அளவுக்குக் கொண்டுவர நாலு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அடோர்வாஸ்டாட்டின் 20-இலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். இப்போது எல்டிஎல் 2.3, மாடி ஏறினால் வலி இல்லை. பழைய 40 தேவைப்படவே இல்லை.

அதனால் அக்காமார்களே, மாதவிடாய் நிற்கும் வயதில் கொலஸ்ட்ரால் ஏறினால் வயதாகிறது என்று விட்டுவிடாமல் தைராய்டையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. என் நாத்தனார் ஈப்போவிலிருந்து வரும்போதெல்லாம் தம்பூன் பம்பளிமாஸ் கொண்டுவருவார். கிரேப்ஃப்ரூட் குடும்பத்துப் பழங்கள் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் இரண்டும் உடம்பில் சிதைவதைத் தடுத்து ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடலாம், அதனால் வேண்டாம் என்று மருந்தாளர் சொன்னார். இப்போது பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

பிறை

எனக்கு 31 வயது, 62 கிலோ, வாரம் இரண்டு நாள் ஃபுட்சால். எல்டிஎல் 7.2. சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னவர்கள் எல்லாம் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், குறைக்க ஒன்றும் இல்லை. அப்பா 44 வயதில் தூக்கத்திலேயே போனார். பெரியப்பாவுக்கு 47-இல் பைபாஸ். எங்கள் வீட்டில் இதை விதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மருத்துவர் என் காலணியைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பு போன்ற தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தடித்துக் கரடாக இருந்தது. அது கொலஸ்ட்ரால் படிந்த தடிப்பு. நான் பந்தடியில் வந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பரம்பரையாக வரும் வகை, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ள வேண்டிய கல்லீரல் அதைச் சரியாகச் செய்வதில்லை, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரோசுவாஸ்டாட்டின் 20, ஸ்டாட்டின் அல்லாத எசெட்டிமைப் 10 இரண்டும் சேர்த்து இப்போது 2.8. இன்னும் இறக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்டாட்டின் அளவை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும், அதனால் வேறு மருந்து சேர்ப்பதே மேல் என்று விளக்கினார்.

வீட்டில் தங்கச்சியையும் பரிசோதித்தோம், அவளுக்கும் இருக்கிறது. அப்பாவுக்கு யாராவது இந்த ஒரு சோதனையை எடுத்திருந்தால் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பில் போனவர்கள் இருந்தால் தயவுசெய்து ஒல்லியாக இருக்கிறேன் என்று இருக்காதீர்கள்.

செராஸ், கோலாலம்பூர்

அண்ணே, மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் ட்ரைகிளிசரைடு இறங்குமா? எனக்கு 3.4. நண்பர் ஒருவர் பெரிய போத்தல் விற்கிறார்.

ஜார்ஜ்டவுன், பினாங்கு

தம்பி செராஸுக்கு அண்ணன் பதில் சொல்வார். நான் வேறொரு மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன், வயது 60 ஆகிறது, எல்லாவற்றையும் முயன்று பார்த்தவள்.

வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், பூண்டு தின்றேன், பெரிதாக ஒன்றும் அசையவில்லை. இசப்கோலும் ஓட்ஸும் கொஞ்சம் உதவின, ஆனால் தினமும் வேண்டும், ஓட்ஸ் என்றால் முக்கால் கிண்ணத்துக்குக் குறையாமல், சீனி கலந்த பாக்கெட் ஓட்ஸ் கிடையாது. அப்புறம் பக்கத்து வீட்டுச் சீன அம்மா சிவப்பு அரிசி மாத்திரை கொடுத்தார், புளிக்கவைத்த அரிசி, அவர்கள் சமையலிலும் போடுவார்கள். எல்டிஎல் நன்றாக இறங்கியது! இயற்கையாகவே இறக்கிவிட்டேன் என்று சிம்வாஸ்டாட்டினோடு சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மருந்தாளர்தான் கண்டுபிடித்தார். அந்தச் சிவப்பு அரிசியில் இருக்கும் மொனாகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற மருந்தும் ஒன்றேதான். 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்த ஜப்பானியர் அகிரா எண்டோ, அதே மொனாகோலினையும் 1979-இல் சிவப்பு அரிசிப் பூஞ்சை வகையிலிருந்து பிரித்தெடுத்தாராம். அதாவது நான் தெரியாமல் இரண்டு ஸ்டாட்டின் போட்டுக்கொண்டிருந்தேன். மருந்து மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்பது நிச்சயம், இதில் போத்தலுக்குப் போத்தல் மாறும், சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நஞ்சும் கலந்திருக்கும். போத்தலைக் குப்பையில் போட்டேன். அந்த அம்மாவிடமும் சொன்னேன், அவரும் ஸ்டாட்டின் எடுப்பவர், அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பாயான் பாரு, பினாங்கு

பிறை தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். தங்கச்சியை அழைத்துப்போய்ப் பார்த்தது பெரிய விஷயம்.

செராஸ் தம்பி, மீன் எண்ணெய் ட்ரைகிளிசரைடை இறக்கும், உண்மைதான், ஆனால் அதற்கு ஒமேகா-3 மட்டும் தினம் 2 முதல் 4 கிராம் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் ஒமேகா-3 வகைகளான ஈபிஏவும் டிஎச்ஏவும் சேர்ந்தே 300 மில்லிகிராம்தான், மீதி வெறும் எண்ணெய். ஏழு, எட்டு விழுங்கினால்தான் 2 கிராமே வரும். எல்டிஎல்லை அது இறக்காது. போத்தலின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அந்த எண் இருக்கும், நண்பரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். 3.4 என்றால் முதலில் குடிப்பதை எண்ணிப் பாருங்கள், சர்க்கரை நோய்க்கான சோதனையும் எடுங்கள், எனக்கு அது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் வாரம் மூன்று நாள் கெம்புங் மீன் (கானாங்கெளுத்தி வகை) சாப்பிடுகிறேன். பசாரில் மலிவு, ஒமேகா-3 நிறைய, மஞ்சளும் மிளகும் தடவித் தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயில் வாட்டினால் போதும்.

நாசி கண்டாரை (குழம்புகளோடு விற்கும் பினாங்குச் சோறு) விட்டுவிட்டீர்களா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மாதம் ஒரு முறை போகிறேன். சோறு பாதி, வெண்டைக்காய், முட்டைகோஸ், ஒரு துண்டு மீன், குழம்பை மேலே ஊற்றாமல் ஓரமாக ஒரு கரண்டி. கடைக்கார அண்ணனுக்கு முதலில் மனசு வரவில்லை, இப்போது என்னைப் பார்த்ததும் கரண்டியைச் சாய்த்து வடித்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்.

வியாழக்கிழமை என் தம்பியைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன், அவனுக்கும் 40 ஆகிவிட்டது, இதுவரை எடுத்ததே இல்லை. காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில். முடிவு வந்ததும் இங்கே போடுகிறேன்.