கரிசலில் நிலக்கடலை போடலாமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோவில்பட்டி உறுப்பினர்:
கரிசலில் கடலைச் செடி தளதளவென்று நிற்கும். பிடுங்கிப் பார்த்தால்தான் காய் இருக்காது. பூத்தபின் விழுது, அதாவது பூவின் அடியிலிருந்து நீண்டு நுனியில் காய் பிடிக்கும் காம்பு, கீழே இறங்கி மண்ணைக் குத்தி உள்ளே போகணும். விதைத்த 40, 45 நாளில் மேல் இரண்டு அங்குல மண் பொலபொலவென்று இருந்தால்தான் அது நடக்கும். கரிசல் நனைந்தால் களியாக ஒட்டும், காய்ந்தால் பாளமாக வெடிக்கும். அந்த நேரத்தில் மழை தள்ளிப்போனால் விழுது நுனி கருகிவிடும். தப்பிப் பிடித்த காயும் பறிக்கும்போது அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

திண்டிவனம் உறுப்பினர்:
அதற்காக நிறத்தை மட்டும் பார்த்துச் செவலில் விதைத்துவிடவும் கூடாது. மழைக்குப் பின் வெயில் அடித்தால் சில செம்மண் மேலே ஓடு கட்டிவிடும். முளை தள்ளாது, விழுதும் இறங்காது. அந்த மாதிரி மண்ணுக்குக் கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தென்னைநார்க் கழிவோ தொழுவுரமோ கட்டாயம் போடுங்கள்.

கால்சியம் தரும் ஜிப்சத்தையும் விட்டுவிடாதீர்கள். ஏக்கருக்கு 160 கிலோ, 40 முதல் 45ஆம் நாளுக்குள், செடி ஓரமாகத் தூவி, கொத்தி, மண் அணைக்கணும். காய்க்கு வேண்டிய கால்சியம் வேர் வழியாகப் போதிய அளவு வந்து சேராது. மண்ணுக்குள் இருக்கும் காயே நேராக உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் விழுது இறங்கும் இடத்திலேயே ஜிப்சம் கிடக்கணும். இல்லையென்றால் ஓடு பெருத்திருக்கும், உள்ளே பொக்கு. மண் அணைத்தபின் களைக்கொத்தியோடு உள்ளே இறங்காதீர்கள், விழுது அறும்.

அருப்புக்கோட்டை உறுப்பினர்:
கரிசலில் இன்னொரு தொல்லை மஞ்சளிப்பு. நரம்பு பச்சையாக இருக்க, நடுவே வெளுத்து, அதுவும் கொழுந்து இலையில் முதலில் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. அடி இலை முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு யூரியா போட்டால் பணம்தான் வீண். சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் வெறும் இரும்பு சல்பேட்டைக் கொட்டினாலும் மண்ணிலேயே கட்டிக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் இரும்பு சல்பேட், 10 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். 10 நாள் கழித்து மறுபடியும். தண்ணீரில் முதலில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துவிட்டு, பிறகு இரும்பு சல்பேட்டைப் போடணும்.

கோவில்பட்டி உறுப்பினர்:
இவ்வளவு பாடுபட்டுக் கரிசலில் கடலையைக் கட்டி இழுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்த மண்ணின் பலமே ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான். மழை நின்றபின் அடிமண் ஈரத்திலும் பனியிலும் விளைகிற கொண்டைக்கடலை, கொத்தமல்லி, ஆழ வேர் விடுகிற பருத்தி, சூரியகாந்தி எல்லாம் அங்கே நன்றாக வரும். உளுந்தும் வரும், ஆனால் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. வடிகால் வாய்க்காலை விதைக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

திண்டிவனம் உறுப்பினர்:
செவலும் கரிசலும் கலந்த நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை. அரை அடி ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து, கல் நீக்கி, நனைத்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாக அழுத்தித் தள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்குள் ஒடிந்தால் கடலைக்கு ஏற்றது. இரண்டு அங்குலம் தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் களி அதிகம், அங்கே கடலை வேண்டாம். ஒரே வயலில் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று தனித்தனியாகப் பாருங்கள். பள்ளத்தில் களி சேர்ந்திருந்தால் அந்தத் துண்டில் மட்டும் பருத்தி போடலாம்.