மறு: வெர்னாதெர்ம் வால்வுக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

வணக்கம். சிறு விமானத்தில் எண்ணெய் வெப்பமானி சிவப்புக் கோட்டை நெருங்கினால் கோளாறை எங்கிருந்து தேடுவது என்ற பயிற்சிக் குறிப்பை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். முன்பாதி முடிந்தது. முதலில் மானி சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும்: உணரியைக் கழற்றிக் கொதிநீரில் முக்கினால் கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும், அதைவிட நன்றாக ஏற்றிக் காட்டினால் சந்தேகம் எஞ்சின் மேல் இல்லை, உணரி, கம்பி, மானி மேல்தான். அப்புறம் எண்ணெய் அளவு, குளிர்விப்பானில் அடைத்த பூச்சி, காற்றைத் திருப்பிவிடும் தகடுகளின் ரப்பர் ஓரம் மடிந்து கிடக்கிறதா என்பது. அடுத்தது வெர்னாதெர்ம், எண்ணெயின் சூட்டைப் பொறுத்து அதைக் குளிர்விப்பானுக்குள் விடும் வால்வு. அதில் நின்றுவிட்டேன். ‘வெப்ப அடைப்பான்’ என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

*

> வெப்ப அடைப்பான்

வேண்டாம் அம்மா. அடைப்பான் என்றால் ஆந்த்ராக்ஸ் நோய்க்கும் அதுதான் பெயர். வால்வுக்கு ஓரதர் என்ற சொல் இருக்க வேறு எதற்கு? அதர் என்றால் வழி, சங்கப் பாடல்களில் புழங்கிய சொல். உயிர் முன் வருவதால் ஒரு ‘ஓர்’ ஆயிற்று. இங்கே சூடு + அதர் = சூட்டதர். ஆடு ஆட்டுப்பால் ஆவது போல டகரம் இரட்டிக்கும். ஐந்தே எழுத்து.

எண்ணெயையும் யோசியுங்கள். எள் + நெய் அல்லவா? எஞ்சினில் ஓடுவதில் எள் ஏது? உயவுநெய் என்று எழுதலாம்.

*

> எஞ்சினில் ஓடுவதில் எள் ஏது?

தேங்காய் எண்ணெயில் மட்டும் எள் இருக்கிறதா ஐயா? அந்த எள் உதிர்ந்து எத்தனையோ காலமாயிற்று. உயவுக்கும் பழைய பொருள் வருத்தம்தான். வேர் பார்த்தே சொல்லை விலக்குவதென்றால் இரண்டையும் விலக்க வேண்டும். ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது.

எனக்குக் கவலை வேறு. இந்த வால்வைக் கையில் வைத்து வகுப்பு எடுத்திருக்கிறேன். குளிர்ந்திருக்கும்போது இது திறந்திருக்கும், எண்ணெயில் பெரும்பகுதி குளிர்விப்பானைச் சுற்றிக்கொண்டு எஞ்சினுக்கே திரும்பிவிடும். ஏறத்தாழ 85 பாகையில் உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து தண்டைத் தள்ள, முனைக் கூம்பு இருக்கையில் போய் உட்கார்ந்து அந்தக் குறுக்குவழியை மூடும். அதன்பிறகுதான் எண்ணெய் முழுவதும் குளிர்விப்பானுக்குள் போகும். ஆக, மூடினால் குளிர்கிறது, திறந்தால் சுடுகிறது. புதிதாகப் படிக்கிறவர் நேர் எதிராகத்தான் நினைப்பார், அதற்கு ‘வெப்ப அடைப்பான்’ என்ற பெயரும் துணைபோகும். கழற்றிப் பார்த்தால் கூம்பைச் சுற்றிப் பளபளப்பான வளையத் தடம் அறுபடாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடம் இல்லையென்றால் அங்கே சரியாக உட்காரவில்லை, சூடான எண்ணெய் அந்த இடுக்கு வழியே நழுவிவிடும், மானி ஏறிக்கொண்டே போகும்.

ஓரதர் ஒருவழிப் பாதை. பின்னோட்டம் தடுக்கும் வால்வுக்கு அழகாகப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ‘வெப்பப் புறவழி வால்வு’ என்று வையுங்கள். புறவழிச்சாலை எல்லோருக்கும் தெரியும்: ஊருக்குள் போகாமல் சுற்றிப் போவது. ‘புறவழி திறந்தே இருக்கிறது’ என்று சொன்னால் எண்ணெய் குளிர்விப்பானுக்குள் போகவில்லை என்பது உடனே புரிந்துவிடும்.

*

வெர்னாதெர்ம் என்றே விட்டால் என்ன? உதிரிபாகம் கேட்கப் போகிறவருக்கு அந்தப் பெயர்தான் உதவும்.

*

நன்றி. முதல் இடத்தில் ‘வெர்னாதெர்ம் எனப்படும் வெப்பப் புறவழி வால்வு’, அதன்பிறகு புறவழி வால்வு. நேரம் இல்லை, இப்படியே அனுப்புகிறேன். எண்ணெய் எண்ணெயாகவே இருக்கட்டும்.

*

புறவழி சரி, ஒப்புக்கொள்கிறேன். வால்வு என்ற சொல்லில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஒருவழி என்பதுதான் தடை என்றால், இரண்டு வழி உள்ளதை ஈரதர் எனலாமே? ஈருருளி என்று சொல்லவில்லையா? எண்ணெய்க்கு இப்போது எந்த வழி என்ற கேள்வி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.